கப்பலில் வந்தவளும் கீழ்ப்பாக்கம் போனவளும்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை என்றுதான் சொல்வேன். அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு அவர்களுடைய பாட்டன், முப்பாட்டன் யார் என்று தேடிக் கொடுக்கிறோம் என்று சொன்னால் பேச்சு நீண்டுவிடும். பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கியர் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் என் மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். மற்றவர்கள் ஆங்கிலப் பதிவுகளைப் பார்ப்பார்கள், ஜெர்மன் மட்டும் எனக்கு. கல்லூரி முடித்த கையோடு ஜெர்மன் படித்திருந்தேன். கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இயந்திரங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது இங்கே வந்து சேர்ந்தேன். பழைய ஜெர்மன் கையெழுத்து அச்செழுத்து மாதிரி இருக்காது. எல்லா எழுத்தும் வேலிக்கம்பு நட்டது போல வரிசையாக நிற்கும். அதில் எது 'n', எது 'u' என்று பிரித்துப் படிக்கப் பழகுவதற்குள் கண் நொந்துவிட்டது.

எங்களிடம் வேலை கொடுத்த அமெரிக்க அம்மாள் ஒருவரை முதலில் பார்த்தது ஒரு வீடியோ அழைப்பில். எங்களுக்குச் சாயங்காலம், அவருக்குக் காலை. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பென்சில்வேனியாவில் அவர்களுடைய வம்சத்தார் ஒரு பூங்காவில் கூடப் போகிறார்களாம். நானூறு பேர் வரக்கூடும் என்றார். அத்தனை பேரும் ஒரே பெண்ணின் வழியில் வந்தவர்கள். அமெரிக்கா என்று ஒரு நாடு உருவாவதற்கு முன்னால் ஜெர்மன் பகுதியிலிருந்து கப்பலேறி வந்தவள் அவள். அன்று அவளைப் பற்றிப் பேசும் பொறுப்பு இந்த அம்மாளுக்கு.

"அவள் ஒரு பிரபுவின் மகள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்" என்றார். "காதலுக்காக வீட்டை விட்டு வந்தவளாம். அவளுடைய அப்பா அம்மா பெயரை மட்டும் கண்டுபிடித்துக் கொடுங்கள். இதற்கு முன்னால் இரண்டு பேர் தேடிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள்."

அவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்தக் கால ஜெர்மன் கிராமங்களில் ஞானஸ்நானத்தின்போது அக்கா தங்கைகள் எல்லாருக்கும் ஒரே முதல் பெயரை வைத்துவிடுவார்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரைச் சொல்லித்தான். அதோடு, பெண்ணாக இருந்தால் குடும்பப் பெயரின் கடைசியில் 'இன்' என்று ஒன்று சேர்த்து எழுதுவார்கள். நம் பக்கம் பெயருக்குப் பின்னால் அம்மாள் போடுவது மாதிரி. கப்பல் வந்து நின்ற பிலடெல்பியா துறைமுகத்தில் இருந்த ஆங்கில குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தெரியுமா? காதில் விழுந்ததை அப்படியே ஒரே பெயராக எழுதிவிட்டார். அந்தப் பெயரில் உலகத்தில் ஒரு குடும்பமும் கிடையாது. முன்பு தேடியவர்கள் அந்த இல்லாத குடும்பத்தைத்தான் தேடியிருக்கிறார்கள்.

அந்த 'இன்' வாலை வெட்டிவிட்டுப் பார்த்தேன். ரைன் நதிக்கு அருகில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரின் தேவாலயப் பதிவில் அவள் இருந்தாள். அப்பா பிரபு இல்லை. திராட்சைத் தோட்டத்தில் கூலி. மூன்று பெண்கள், ஒரு பையன். இரண்டு பெண்கள் சின்ன வயதிலேயே இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்தவள் இவள், இவளுக்கு மூத்தவன் அந்தப் பையன்.

அந்தக் குடும்பம் கப்பலேறியது தெரிந்தது. அதற்குப் பிறகு அப்பா அம்மா பெயர் எங்கேயும் வரவில்லை. கப்பலிலேயே காய்ச்சலில் செத்துப்போனவர்கள் ஏராளம், இவர்களும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். கட்டணம் கட்ட வழியில்லாமல் ஏறியவர்களைக் கரையில் இறங்கியதும் விட்டுவிட மாட்டார்கள். யாராவது பண்ணைக்காரர் கப்பல்காரருக்குப் பணத்தைக் கொடுத்து அழைத்துக்கொண்டு போவார். அந்தப் பணத்துக்கு ஈடாக இத்தனை வருஷம் என்று அவருக்கு உழைக்க வேண்டும். அப்பா அம்மா செத்துப்போயிருந்தால் அவர்கள் பங்கும் பிள்ளைகள் தலையில்தான். அந்தப் பெண்ணை ஒருவர் வந்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அண்ணனை வேறொருவர், வேறு திசையில். அவளுக்குப் பத்து வயது இருக்கும்.

இதைச் சொன்ன நாளில் அந்த அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "விற்றுவிட்டார்களா?" என்று கேட்டார்.

"அவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதுதான்."

"அந்தப் பையன் என்ன ஆனான்?"

அது அவர் கேட்ட வேலையில் சேராது. ஆனாலும் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிலடெல்பியா பக்கத்தில் ஜெர்மன்காரர்கள் தங்கள் மொழியிலேயே செய்தித்தாள் நடத்தினார்கள். அவற்றில் விளம்பரங்கள் வரும். காணாமல் போன குதிரை, விற்பனைக்கு அடுப்பு, அவற்றுக்கு நடுவே காணாமல் போன அக்கா, தம்பி, மாமன். கப்பல் துறையில் பிரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போட்ட விளம்பரங்கள். பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனதில் அவன் கிடைத்தான். பையன் இல்லை, அப்போது ஆளாகி, கட்டுப்பட்ட வருஷங்கள் முடிந்து, ஒரு மாவு மில்லில் வேலைக்கு இருந்தவன். என் தங்கை இன்ன பெயர், இன்ன ஊர், என்னோடு கப்பலில் வந்தாள், அழைத்துப் போனவர் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று போட்டிருந்தான். மறுபடி கொஞ்ச நாள் கழித்து அதே விளம்பரம். அதற்குப் பின்னும் ஒருமுறை. அப்புறம் நின்றுவிட்டது.

அம்மா இறந்த பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான், அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா எங்கள் எஸ்டேட்டிலேயே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலைக் கதைகளைக் கேட்பது அவருக்குச் சீரியல் பார்ப்பது மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அவரே ஆரம்பித்தார்.

"அந்த வெள்ளக்காரப் பொண்ணு கதை இன்னாம்மா ஆச்சி? அப்பன் ஆத்தா கெடச்சாங்களா?"

கிடைத்தார்கள் என்று சொல்லி, கப்பலில் நடந்ததைச் சொன்னேன். "அட பாவமே" என்றார். அண்ணன் பேப்பரில் விளம்பரம் போட்டுத் தேடியதைச் சொன்னபோது அவருடைய கை நின்றுவிட்டது.

"எத்தினி வருசம் கயிச்சி தேடிகினு கீறான்?"

"பத்து வருஷத்துக்கு மேல இருக்கும் நைனா. அவனும் வேலைக்குக் கட்டுப்பட்டுதானே இருந்தான்? விட்டதும் தேடியிருக்கான்."

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். முள் ஏதாவது குத்திவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று கையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் சரியாகவே இல்லை. டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தார். பிளாட்பாரத்தில் ரயில் வந்து நிற்கிற நேரத்தில் என் பையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்திச்சி."

நான் இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. அவர் ஒரே பிள்ளை என்றுதான் அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

"செத்துட்டாங்களா நைனா?"

"தெரியாது."

ரயில் போய்விட்டது. நாங்கள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

அவர் பிறந்தது பூந்தமல்லி பக்கம் நூம்பலில். அவருடைய அப்பா அங்கே ஒரு நிலக்காரர் வீட்டு வயலில் வேலை செய்தவர். அந்த நிலக்காரரின் மகளை மெட்ராஸில் கீழ்ப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்றார்கள்.

"அக்காவுக்கு ஒம்போதோ பத்தோ. எனக்கு அதவுட சின்ன வயசு. சோறு, துணி நல்லா கெடைக்கும்னு எங்க நைனா இட்டுக்கினு போனாரு. நான் கூட வரேன்னு அழுதுகினே வேலப்பன்சாவடி வரைக்கும் ஓடினேன். அங்க ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாங்க. ரெண்டு மொற ஊட்டுக்கு வந்துச்சி. அப்பறம் அந்த ஊட்டுக்காரங்க பெங்களூர் மாத்திகினு பூட்டாங்க. அக்காவையும் இட்டுக்கினு பூட்டாங்க."

"தாத்தா கேக்கலையா?"

"இன்னான்னு கேட்டாரோ, கேக்கலியோ. அப்பறம் அம்மாவும் செத்துடுச்சி. ஊட்ல அந்தப் பேச்சே எடுக்க மாட்டாரு. எடுத்தா அடிப்பாரு."

"நீங்க வேலைக்குப் போன பிறகு தேடலாமே நைனா?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் அப்படியே சுருங்கிப்போனது.

"எங்க போயி தேடறது? பெங்களூரு இன்னா நம்ம தெருவா? யாரக் கேக்கறது?"

கேட்க ஒரு இடம் இருந்தது. அந்த நிலக்காரர் வீடு இன்னும் நூம்பலில்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரம். நான் அதைச் சொன்னதும் நைனா கோபப்பட்டார்.

"அந்த ஊட்டு வாசல்ல போய் நிக்கறதா? எங்க நைனா ஒருநாளு அந்த வாசல்ல நின்னதில்ல. கொல்லப்பக்கமா போயி, தள்ளி நின்னு கூப்புடுவாரு. சட்டைய கயட்டி கைல வெச்சிகினு நிப்பாரு. நான் பாத்துகீறேன்."

"அதெல்லாம் அப்போ நைனா."

"உனுக்கு அப்போ. எனுக்கு இல்ல."

இருந்தாலும் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நான் கட்டாயப்படுத்தினேன் என்று சொல்ல முடியாது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவரும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ஆனால் அங்கே போனதும் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் உள்ளே போனேன்.

வயல் எதுவும் இப்போது இல்லை. வீட்டின் முன்பக்கத்தை மனை விற்கிற அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். சுவரில் வண்ணம் தீட்டிய மனைப்பிரிவு வரைபடங்கள். நிலக்காரரின் பேரன் என் வயதுக்காரர். ஏசியைக் கூட்டி வைத்து, மனை வாங்க வந்தவள் என்று நினைத்து, டீ சொல்லி அனுப்பினார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"

தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். "ஓ" என்றார். மரியாதை குறையவில்லை, கடைசி வரை நீங்க என்றுதான் பேசினார். டீ மட்டும் வரவில்லை.

அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். அங்கேயே போனை எடுத்து பெங்களூரில் இருக்கும் தன் அத்தையை அழைத்தார். கீழ்ப்பாக்கத்தில் வாழ்ந்த அதே அம்மாள். எண்பது தாண்டியிருக்கும், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அவளா? நல்லா ஞாபகம் இருக்கே! எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் வளர்ந்தா. எம் புள்ளைங்க ரெண்டையும் அவதான் வளர்த்தா. கல்யாணம்கூட நாங்கதான் பண்ணி வெச்சோம். ஓசூர்ல, எங்க மில்லு லாரி டிரைவருக்கு. இப்பவும் பொங்கலுக்குப் போன் பண்ணுவாளே!"

"கல்யாணத்துக்கு அவங்க அப்பா வீட்டுக்குச் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஆள் அனுப்பியிருப்பாரு. யாரும் வரல. நாங்க என்ன பண்றது?"

நிலக்காரர் ஆள் அனுப்பினாரா, அனுப்பியும் தாத்தா போகவில்லையா, சீர் செய்ய வழியில்லை என்று மறைத்துவிட்டாரா? கேட்பதற்கு இரண்டு பேருமே இப்போது உயிரோடு இல்லை. ஒரு மொபைல் எண்ணைக் கொடுத்தார்கள், என் அத்தையின், அதாவது நைனாவின் அக்காவின், மகனுடையது. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது, "உயிரோட இருக்காங்க நைனா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அத்தை மகன் ஓசூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் குழம்பிப்போனார்.

"எங்கம்மாவுக்குப் பொறந்த வீடே கிடையாதுங்களே. அநாதைன்னுதான் சொல்லும்."

"அவங்ககிட்டயே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நூம்பல், தம்பின்னு சொல்லுங்க."

மறுநாளும் அதற்கு மறுநாளும் பதில் இல்லை. பிறகு அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "கேட்டேன். ஒரு நாள் பூரா பேசல. இன்னிக்கு, வந்தா வரட்டும்னு சொல்லுது."

நைனா புடவை எடுக்க ஆவடிக்குப் போனார். கடையில் வெகுநேரம் நின்றார். எந்த நிறம் பிடிக்கும் என்று கடைப் பையன் கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் நானே ஒரு பச்சைப் புடவையைக் காட்டினேன்.

பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். ஓசூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. ஓட்டு வீடுதான், முன்னால் நீலப் பெயிண்ட் அடித்த கதவு. அத்தை மகன் எங்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தார். நெட்டையான உடம்பு, நரைத்த கொண்டை, நடையில் தளர்ச்சி இல்லை. நைனா எழுந்து நின்றுவிட்டார். வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை.

"உக்காருங்க" என்றார் அத்தை. தம்பியை வாங்க போங்க என்றார். காபி கொண்டுவரச் சொன்னார். வழியில் சாப்பிட்டீர்களா, பஸ்ஸில் கூட்டமா என்று என்னிடம் கேட்டார். அவர் பேசிய தமிழில் கன்னட இழுப்பு இருந்தது. வெளியூரிலிருந்து வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களிடம் பேசுவது மாதிரி பேசினார்.

நைனாதான் பொறுக்க மாட்டாமல், "அக்கா" என்றார்.

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான்" என்றார் அத்தை, என்னைப் பார்த்து. "அவன் வருவான்னு ரொம்ப வருஷம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"எனுக்கு எங்க தெரியும்கா? நான் சின்னப் புள்ள."

"சின்னப் புள்ளையாவேவா இருந்தே?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். அவர் அடுத்துச் சொன்னதுதான் இன்றுவரை என்னால் மறக்க முடியாதது.

"அந்த ஊட்டுக்காரங்க நூம்பலுக்கு வந்தா என்ன இட்டுக்கினு வர மாட்டாங்க. கல்யாணம் காட்சின்னா மெட்ராஸ் போவாங்க. புள்ளைங்கள பாத்துக்க என்னையும் இட்டுக்கினு போவாங்க. வேலப்பன்சாவடிலதான் பஸ் நிக்கும். நான் ஜன்னலாண்ட குந்திகினு இருப்பேன். நம்ம ஊரு ரோடு தெரியும். ஒருக்காகூட எறங்கல. எறங்கி யார் ஊட்டுக்குப் போறது? வுட்டுட்டுப் போனவன் ஊட்டுக்கா?"

கன்னட இழுப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நைனா பேசுகிற அதே பேச்சு. அவர் மகன் அம்மாவை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லையாம், பிற்பாடு சொன்னார்.

ஷெட்டில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா எப்ப செத்துச்சி?" என்று அத்தை கேட்டார்.

"நீ போயி ரெண்டு வருசத்துல."

"என்னக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் நைனாவைப் பார்த்தேன். எனக்கு அது நல்லதென்று பட்டது. ஆனால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"கடசி வரிக்கும் உம்பேருதான்கா சொல்லிகினு இருந்திச்சி."

அத்தை எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. அழுகைச் சத்தமோ வேறு எதுவுமோ கேட்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வெயில் வாசலை விட்டு நகர்ந்து போனது. அத்தை மகன் இரண்டு முறை உள்ளே போய்விட்டு வந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "நீங்க கிளம்புங்க. இருட்டிறப் போவுது. அது இப்ப வராது" என்றார். புடவைப் பையை நைனா நாற்காலியின் மேல் வைத்தார். பஸ் ஸ்டாண்டுவரை அத்தை மகனே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

திரும்பும் வழி முழுக்க நைனா தூங்காமல் ஜன்னல் வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் செய்தது சரியா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கண்டுபிடித்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் கடல் தாண்டி நடக்கும். நன்றி என்று ஒரு மெயில் வரும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அமெரிக்க அம்மாளோடு கடைசி அழைப்பு. பூங்காவில் பேசுவதற்கான கட்டுரையின் வரைவை அனுப்பியிருந்தேன். அவருக்கு ஒரு இடத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை.

"அண்ணன் தங்கையைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளெல்லாம் வருவார்கள். அவன் கண்டுபிடித்தான் என்று எழுதக் கூடாதா? விளம்பரம் நின்றுவிட்டதே. கண்டுபிடித்ததால்கூட நின்றிருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். செத்துப்போயிருக்கலாம். அலுத்தும் போயிருக்கலாம்."

என் மேனேஜர் பக்கத்தில்தான் இருந்தார். முகப்பேரில் பிளாட் வாங்கிக் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். மைக்கை அணைத்துவிட்டு, "அவங்க கேக்கிற மாதிரி எழுதிக் குடுத்துருங்களேன். அந்தக் காலத்துல இருந்து யாரு எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லப் போறா?" என்றார்.

என்னால் முடியவில்லை. பிடிவாதம் இல்லை. சந்தித்துவிட்டால் எல்லாம் கூடிவிடும் என்று அந்த அம்மாள் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த நீலக் கதவு என் கண்ணிலேயே இருந்தது. மைக்கைத் திறந்து, "அவர்கள் சந்தித்திருந்தால்கூட அது சந்தோஷமான சந்திப்பாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கோபம் இருந்திருக்கலாம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. நான் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று மேனேஜர் மேசையைத் தட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் தேடினான். அது உண்மைதானே?"

"அது உண்மை."

"சரி. அதைச் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்லவில்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் வேறு வேலை எதுவும் எங்களிடம் கொடுக்கவில்லை. கட்டுரை நன்றாக இருந்தது என்று மட்டும் மேனேஜருக்கு எழுதியிருந்தாராம்.

ஓசூருக்கு நைனா வாராவாரம் போன் செய்தார். அத்தை மகன் எடுத்துப் பேசுவார். அம்மா நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது, ஷெட்டுக்கு வந்து உட்காருகிறது என்பார். போனை அக்காவிடம் கொஞ்சம் கொடேன் என்று நைனா கேட்பார். அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம் கேட்கும். திரும்ப அவர் மகன் குரல்தான் வரும். "வேணாங்குது மாமா." அந்த 'மாமா' மட்டும்தான் நைனாவுக்குக் கிடைத்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தபோது ஒருநாள் அத்தை மகன் அவராகவே என்னை அழைத்தார். நான் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அம்மா ஒன்னு கேக்கச் சொல்லுச்சு. பாட்டியோட போட்டோ ஏதாச்சும் இருக்கா உங்ககிட்ட? இத்தனை வருஷத்துல அவங்க முகம் மறந்துபோச்சாம். எவ்வளவு யோசிச்சும் வரலையாம்."

போட்டோ எங்கே இருக்கும்? அந்தக் காலத்தில் நூம்பல் வயலில் நடவு நட்ட பெண்ணை யார் படம் பிடித்தார்கள்? ரைன் நதிக்கரைக் கூலிக்காரன் மகள்களுக்குத் தேவாலயப் பதிவில் பெயராவது இருந்தது. எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு நைனாவிடம் கேட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போட்டோ இல்ல. எனுக்கும் அம்மா மூஞ்சி மறந்துதான் பூட்ச்சி" என்றார். பிறகு, "அன்னிக்கி அக்கா உள்ளேர்ந்து வந்துச்சே, அப்பதான் நெனப்பு வந்திச்சி. அம்மாவே வர்ற மாரி இருந்திச்சி. அதான் எனுக்கு வாயே வரல. அந்த நடை, அந்த நெத்தி, எல்லாம் அம்மாதான். அக்காவ கண்ணாடிய பாக்கச் சொல்லு" என்றார்.

நான் அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. ஓசூரிலும் மழை போலிருக்கிறது.

"சொல்றேங்க" என்று வைத்துவிட்டார். அத்தை என்ன சொன்னார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.